பட்டக்கெட்டை விட்டுப் போன டீமும், ராச்செஸ்டர்லயே தங்கின டீமும்

அமெரிக்கால ரோட் ஐலண்ட் மாநிலத்துல பட்டக்கெட்னு ஒரு சின்ன ஊரு, அங்க மெக்காய் ஸ்டேடியம்னு ஒரு பேஸ்பால் மைதானம் இருந்துச்சு. அங்க பிளேயருங்க உக்கார்ற டக்அவுட், ஜனங்க உக்கார்ற கேலரிக்கு நேர் கீழ, தரையோட தரையா இருக்கும். மத்த மைதானத்துல பசங்க டக்அவுட் பக்கத்துல போய் நின்னு கைய நீட்டி ஆட்டோகிராஃப் கேப்பாங்க, இங்க முன்வரிசையே ஆள் உயரத்துக்கு மேல இருக்கு, கீழ இருக்கிறவரோட மூஞ்சியே தெரியாது. அதனால பசங்க பால் வர்ற பெரிய பிளாஸ்டிக் கேனை பக்கவாட்டுல வெட்டி, உள்ள ஒரு பந்தும் பேனாவும் போட்டு, கயித்துல கட்டி, கிணத்துல வாளி விடுற மாதிரி கீழ இறக்குவாங்க. கீழ இருக்கிற பிளேயர் பந்தை எடுத்து கையெழுத்துப் போட்டு திருப்பி கேனுக்குள்ள வெப்பாரு, பையன் மேல இழுத்துக்குவான். இதுக்கு அந்த ஊர்ல மீன் பிடிக்கிறதுன்னே பேரு. தலைமுறை தலைமுறையா நடந்துச்சு, அப்பா கேன் வெட்டிக் குடுத்து மகன் இறக்கினது, அப்புறம் அந்த மகன் அவன் பிள்ளைக்கு வெட்டிக் குடுத்ததுன்னு.

அந்த டீம் பேரு பட்டக்கெட் ரெட் சாக்ஸ், ஊர்க்காரங்க பாசாக்ஸ்னு கூப்பிடுவாங்க. பாஸ்டன் ரெட் சாக்ஸ்ங்கிற பெரிய டீமுக்கு பிளேயர் தயார் பண்ணிக் குடுக்குற மைனர் லீக் டீம். 1970-ல வந்துச்சு, 2020 வரைக்கும் இருந்துச்சு, இப்ப இல்ல. டீம் பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுச்சு, மைதானத்தை 2025-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. ஏன் போச்சுன்னு கேட்டீங்கன்னா சில பேர் அரசியல்வாதிங்கள திட்டுவாங்க, சில பேர் கடைசியா வாங்கின ஓனருங்கள திட்டுவாங்க. ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா நான் படிச்ச வரைக்கும் எனக்குத் தோணுறது வேற, அந்த டீம் ஒரு நாளும் அந்த ஊருக்கு சொந்தமா இருந்ததே இல்ல, 33 வருஷம் ஒரு நல்ல மனுஷன் கைல இருந்துச்சு, அந்த நல்ல காலத்தைப் பாத்துட்டு இது நம்மளோடதுன்னு ஊரே நம்பிடுச்சு.

இது புரியணும்னா மைனர் லீக் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லணும். ஐபிஎல் மாதிரி ஒவ்வொரு டீமும் தனித்தனியா ஆள் எடுத்து ஆடுறதுன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்கால மேஜர் லீக்ல 30 டீம், அதுல ஒவ்வொண்ணுக்கும் கீழ படிப்படியா டீம்கள் இருக்கு, மேல்படிக்கு ட்ரிபிள் ஏன்னு பேரு, அதுக்குக் கீழ டபுள் ஏ, அப்படியே இறங்கிட்டே போகும். கீழ ஆடுற பிளேயருக்கு சம்பளம் குடுக்கிறது மேல இருக்கிற பெரிய டீம், கோச்சுக்கு சம்பளமும் அவங்கதான், யார் ஆடணும் யார் உக்காரணும்னு சொல்றதும் அவங்கதான். உள்ளூர் ஓனருக்கு அதுல ஒரு பேச்சும் கிடையாது. இன்னிக்கு ஒரு பையன் பிரமாதமா பந்து போட்டான்னா ராத்திரியே பாஸ்டன்ல இருந்து ஃபோன் வரும், மறுநாள் அவன் அங்க. ஊர்க்காரன் ஒருத்தன் மேல ஆசை வெச்சா அவன் போறதுக்குத்தான் ஆசை வெக்கிறான், அதையும் தெரிஞ்சே வெக்கிறான், மைனர் லீக் ரசிகனோட பாசம் அப்படித்தான்.

அப்போ உள்ளூர் ஓனருக்கு என்ன இருக்கு? டிக்கெட் காசு, பார்க்கிங், ஹாட் டாக், பீர், சுவத்துல விளம்பரம், அவ்வளவுதான். அவர் விக்கிறது ஜெயிக்கிறத இல்ல, ஒரு சாயங்காலத்த. குடும்பத்தோட வந்து மூணு மணி நேரம் காத்தாட உக்காந்துட்டுப் போறது. மைதானம் பெரும்பாலும் நகராட்சியோட சொத்தா இருக்கும், இல்லன்னா மாவட்டத்தோடது. டீம்ங்கிறது ஒரு உரிமம், ஒரு பேப்பர், ஓனர் மடிச்சு பைல வெச்சுட்டு வேற ஊருக்குப் போயிடலாம். செங்கல் ஊருக்கு, பேப்பர் ஓனருக்கு. இத மனசுல வெச்சுட்டு மேல படிங்க.

பட்டக்கெட் ஒண்ணும் சாதாரண ஊர் இல்ல. மாநிலத் தலைநகர் ப்ராவிடன்ஸுக்கு ஒட்டின மாதிரி பிளாக்ஸ்டோன் ஆத்தங்கரைல இருக்கு, ஜனத்தொகை ஏறக்குறைய 75,000. 1793-ல சாமுவேல் ஸ்லேட்டர்ங்கிறவர் இங்கிலாந்து மில்லுல வேலை பாத்தப்ப மெஷின் எப்படி இருக்குன்னு மனசுலயே பதிச்சுட்டு வந்து, இங்க ஆத்துத் தண்ணில ஓடுற நூல் மில் வெச்சாரு, அமெரிக்காவோட பஞ்சாலைத் தொழில் அங்கருந்துதான் கிளம்பிச்சு. அந்த மில் கட்டடம் இன்னும் நிக்குது. அப்புறம் இருபதாம் நூத்தாண்டுல மில்லெல்லாம் சம்பளம் கம்மியான தெற்கு மாநிலங்களுக்கு ஓடிடுச்சு. வந்தது எதுவும் போயிடும்ங்கிற பயம் அந்த ஊர் ரத்தத்துலயே இருக்கு, அத மறக்கக் கூடாது.

1930-கள்ல பெரிய பொருளாதார வீழ்ச்சி, ஜனங்களுக்கு வேலை இல்ல, அப்ப தாமஸ் மெக்காய்னு ஒரு மேயர், மத்திய அரசோட வேலைத் திட்டக் காசை வெச்சு ஒரு சதுப்பு நிலத்துல ஸ்டேடியம் கட்டலாம்னு முடிவு பண்ணாரு. சதுப்புல மண்ணு கொட்டக் கொட்ட உள்ள போயிட்டே இருந்துச்சு, லாரியே முழுகிப் போச்சுன்னு இன்னும் கதை சொல்வாங்க, மேயரோட முட்டாள்தனம்னு அப்பவே பேசினாங்க. 1942-ல திறந்தாங்க, மேயர் செத்தப்புறம் 1946-ல அவர் பேரையே வெச்சாங்க. அந்த வருஷத்துல இருந்து நாலு வருஷம் ஸ்லேட்டர்ஸ்னு ஒரு டீம், அறுபதுகள்ல ரெண்டு வருஷம் கிளீவ்லேண்டுக்காரங்களோட டீம், நடுவுல வருஷக்கணக்கா ஒண்ணுமே இல்ல. 1970-ல பாஸ்டனோட டபுள் ஏ டீம் வந்துச்சு, 1973-ல ட்ரிபிள் ஏ டீமே வந்துடுச்சு, அந்த வருஷமே லீக் கோப்பையும் ஜெயிச்சாங்க. ஜிம் ரைஸ் மாதிரி ஆளெல்லாம் அங்க ஆடிட்டுத்தான் மேல போனாங்க.

ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, கணக்குதான் உதைச்சுது. எழுபதுகள் நடுவுல ஓனருங்க மாறி மாறி, கடன் ஏறி, 1976-ல டீம் பேரை ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்னு மாத்திப் பாத்தாங்க, ஒண்ணும் நடக்கல, டீம் திவாலாகி லீக்கே உரிமத்தைப் பிடுங்கிடுச்சு. அப்பதான் பென் மாண்டோர் வர்றாரு. கனடால கியூபெக்ல பிறந்து, ரோட் ஐலண்ட்ல வூன்சாக்கெட்ங்கிற மில் ஊர்ல வளந்தவர், நொடிச்சுப் போன துணி மில்லுகளை வாங்கி நிமித்தி காசு பண்ணவர், ஐம்பது வயசுலயே ரிட்டயர் ஆகி சும்மா இருந்தாரு. பேஸ்பால் பிசினஸ் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. நொடிச்சுப் போனத நிமித்தத் தெரியும், அது போதும்னு 1977 ஜனவரில எடுத்தாரு.

முதல் வருஷம் டீம் லீக்ல முதல் இடம் வந்துச்சு. ஆனா சீசன் முழுக்க வந்த ஜனம் ஏறக்குறைய 70,000 தான், ஒரு ஆட்டத்துக்கு ஆயிரம் பேர். ஜெயிச்சா கூட்டம் வந்துடும்னு இல்லன்னு அந்த ஒரு வருஷமே சொல்லிடுச்சு. மாண்டோருக்கு அது புரிஞ்சுது. மைக் டாம்புரோன்னு ஒரு சின்னப் பையனை கூட வெச்சுக்கிட்டு இடத்த கழுவினாரு, பெயிண்ட் அடிச்சாரு, ரவுடித்தனத்த நிறுத்தினாரு, பார்க்கிங் இலவசம்னாரு, டிக்கெட் விலைய கம்மியாவே வெச்சாரு. 2010-ல அவர் சாகுற வரைக்கும் சாதாரண டிக்கெட் பத்து டாலருக்குக் கீழதான், மில் தொழிலாளி நாலு பிள்ளையக் கூட்டிட்டு வந்தாலும் கட்டுப்படியாகணும்ங்கிறது அவர் கணக்கு, அவரே மில் ஊர்ல வளந்தவர் இல்லையா. சரிவுப்பாதை சுவத்துல அங்க ஆடி மேல போன பிளேயருங்க படத்த ஆள் உயரத்துக்கு வரைஞ்சு வெச்சாங்க, உள்ள ஏறிப் போறப்பவே அவங்கள எல்லாம் தாண்டித்தான் போவீங்க. 1999-ல மைதானத்த பெருசாக்கினாங்க, 10,000 பேர் உக்காரலாம். 2005-ல ஒரு சீசன்ல 6,88,421 பேர் வந்தாங்க. எழுபதாயிரத்துல இருந்து ஏறக்குறைய ஏழு லட்சம், அதுவும் டிக்கெட் விலைய கம்மியா வெச்சே.

இப்ப அந்த மைதானத்துல நடந்த ஒரு ராத்திரிய பத்தி சொல்லணும். பேஸ்பால் தெரியாதவங்களுக்கு, ரெண்டு டீமும் ஒரு தடவ பேட் பண்ணா ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஒன்பது, சமமா இருந்தா யாராவது ஜெயிக்கிற வரைக்கும் ஆடிட்டே இருக்கணும், டிரா கிடையாது. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. எதிர் டீம் நியூயார்க் மாநிலத்துல இருந்து வந்த ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். விளக்கு கோளாறாகி அரை மணி நேரம் லேட்டா ராத்திரி எட்டு மணி வாக்குல ஆரம்பிச்சாங்க, 1,740 பேர் வந்திருந்தாங்க. ஏழாவதுல ராச்செஸ்டர் ஒரு ரன், ஒன்பதாவதுல பட்டக்கெட் ஒரு ரன், 1-1. அப்புறம் போகுது போகுது போயிட்டே இருக்கு. காத்து உள்பக்கமா அடிக்குது, எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் பந்து திரும்பி மைதானத்துக்குள்ளயே விழுது. குளிர் தாங்க முடியல, உடைஞ்ச பேட்டையெல்லாம் டிரம்ல போட்டு கொளுத்தி கைய காய வெச்சுக்கிட்டாங்க. 21-வது இன்னிங்ஸ்ல ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்துடுச்சு, அப்பாடா முடிஞ்சுதுன்னு எல்லாரும் மூச்சு விட்டப்ப பட்டக்கெட்டோட வேட் பாக்ஸ் ஒரு அடி அடிச்சு திரும்பவும் சமம் ஆக்கிட்டாரு, கூட்டாளிங்க கட்டிப் பிடிக்கப் போறாங்களா உதைக்கப் போறாங்களான்னே தனக்குத் தெரியலன்னு பின்னால சொன்னாரு. 22-வதுல பட்டக்கெட் மேனேஜர் ஜோ மார்கன் அம்பயர்கிட்ட சண்டை போட்டு வெளிய அனுப்பப்பட்டாரு, வீட்டுக்குப் போகாம தடுப்பு ஓட்டை வழியா பாத்துட்டு நின்னாரு.

ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல புது இன்னிங்ஸ் ஆரம்பிக்கக் கூடாதுன்னு லீக்ல விதி இருந்துச்சு, ஆனா அந்த வருஷம் அம்பயருங்க கைல இருந்த புத்தகத்துல அந்த வரி விட்டுப் போயிருந்துச்சு. புத்தகத்துல இல்ல, அதனால நிறுத்த முடியாதுன்னு ஆடிட்டே இருந்தாங்க. கடைசில லீக் தலைவரை ஃபோன்ல புடிச்சு எழுப்பி, 32-வது இன்னிங்ஸ் முடிஞ்சதும் நிறுத்துங்கடான்னு சொல்ல வெச்சாங்க. அப்ப மணி காலைல 4:07, ஈஸ்டர் ஞாயிறு, 2-2. கேலரில மிச்சம் இருந்தது 19 பேர். மாண்டோர் அந்த 19 பேருக்கும் பாஸ் குடுத்தாரு. ராச்செஸ்டர் சென்டர்ல ஆடின டல்லஸ் வில்லியம்ஸ் பாவம், 13 தடவ பேட் பண்ணி ஒரு ஹிட் கூட இல்ல.

மிச்சத்த ஜூன் 23-ல ஆடினாங்க. அப்ப மேஜர் லீக்ல பிளேயருங்க ஸ்ட்ரைக், நாட்டுல எங்கயும் பெரிய பேஸ்பால் இல்ல, அதனால பத்திரிகைக்காரங்க டிவிக்காரங்க எல்லாரும் பட்டக்கெட்டுக்கு வந்துட்டாங்க, 5,746 பேர், மைதானம் நிறைஞ்சுது. 18 நிமிஷம், அவ்வளவுதான். 33-வது இன்னிங்ஸ்ல டேவ் கோசா ஒரு அடி அடிச்சாரு, மார்ட்டி பாரெட் ஓடி வந்தாரு, பட்டக்கெட் 3-2. மொத்தம் 8 மணி 25 நிமிஷம், தொழில்முறை பேஸ்பால்ல இதைவிட நீளமான ஆட்டம் இன்னி வரைக்கும் இல்ல. அந்த ஆட்டத்துல ரெண்டு பக்கமும் மூணாவது பேஸ்ல நின்ன ரெண்டு பேர், பட்டக்கெட்டோட வேட் பாக்ஸும் ராச்செஸ்டரோட கால் ரிப்கனும், பின்னால ஹால் ஆஃப் ஃபேம் போனாங்க, பேஸ்பால்ல பெரிய ஆளுங்களுக்குக் குடுக்குற கௌரவம் அது. ஜெயிக்க வெச்ச அடிய அடிச்ச டேவ் கோசா மட்டும் மேஜர் லீக்ல ஒரு ஆட்டம் கூட ஆடல. எனக்கு மைனர் லீக்னாலே இந்த மூணு பேரும் ஒரே ராத்திரில ஒரே மண்ணுல நின்னதுதான் ஞாபகம் வரும்.

2010 அக்டோபர்ல மாண்டோர் 85 வயசுல செத்துப் போனாரு. அவர் மனைவியும் டாம்புரோவும் இன்னொரு பார்ட்னரும் கொஞ்ச காலம் நடத்தினாங்க, ஆனா மைதானம் பழசாயிட்டே இருந்துச்சு, கூட்டம் குறைய ஆரம்பிச்சுது, கடைசி வருஷங்கள்ல 2005-ல வந்ததுல ஏறக்குறைய பாதிதான். 2015 பிப்ரவரில வித்துட்டாங்க. வாங்கினவங்க குழுவுக்கு தலைவர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன்ங்கிற ப்ராவிடன்ஸ் வக்கீல், கூட லாரி லுகினோ. லுகினோ யார்னா பால்டிமோர்ல 1992-ல கேம்டன் யார்ட்ஸ் மைதானம் வந்ததுக்குப் பின்னால இருந்தவர், ஊர் நடுவுல பழைய பாணில செங்கல் மைதானம்ங்கிற ஃபேஷனை நாடு முழுக்க கொண்டு வந்தவர். அதனால வாங்கினதும் முதல் வார்த்தையே, பட்டக்கெட் வேணாம், ப்ராவிடன்ஸ் ஆத்தங்கரைல புது மைதானம், அதுக்கு மாநில அரசு 30 வருஷத்துல 120 மில்லியன் டாலர் குடுக்கணும்.

ரோட் ஐலண்ட் ஜனங்க கொதிச்சாங்க. அதுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது தெரியாது. 2010-ல கர்ட் ஷில்லிங்னு பாஸ்டன் ரெட் சாக்ஸோட பழைய பிட்சர், அதாவது பந்து போடுறவர், வீடியோ கேம் கம்பெனி ஒண்ணு வெச்சிருந்தாரு, 38 ஸ்டூடியோஸ்னு பேரு, அத ரோட் ஐலண்டுக்கு கொண்டு வர மாநிலம் 75 மில்லியன் டாலர் கடனுக்கு ஜாமீன் நின்னுச்சு. 2012-ல கம்பெனி திவால். கடனை கட்டுற சுமை ஜனங்க வரிப்பணம் மேல விழுந்துச்சு. அந்தக் காயம் ஆறாத ஊர்ல, மூணே வருஷத்துல, திரும்பவும் ரெட் சாக்ஸ் பேரை சொல்லிட்டு ஒருத்தர் வந்து காசு குடுன்னா யார் குடுப்பா. மே மாசம் ஸ்கெஃபிங்டன் ஜாகிங் போன இடத்துல இறந்துட்டாரு, அந்தத் திட்டமும் அந்த வருஷமே செத்துடுச்சு.

அப்புறம் பட்டக்கெட்லயே புதுசு கட்டலாம்னு 2017-ல ஒரு கணக்கு போட்டாங்க. ஸ்லேட்டர் மில்லுக்குப் பக்கத்துல, மொத்தம் 83 மில்லியன் டாலர், டீம் 45, மாநிலம் 23, ஊர் 15. நான் இந்தத் துறைல பாத்த கணக்குகள்ல இது மோசமில்ல, பாதிக்கு மேல டீமே போடுது. மாநில செனட் 2018 ஜனவரில ஒத்துக்கிச்சு. கீழ்சபை சபாநாயகர் தன்னோட வோட்டருங்களுக்குப் பிடிக்கலன்னு இழுத்தாரு, ஜூன்ல ஒரு திருத்தின சட்டம் வந்துச்சு, அதுல மாநிலம் கடனுக்கு ஜாமீன் நிக்காதுன்னு மாத்திட்டாங்க, ஜாமீன் இல்லன்னா வட்டி ஏறும், வட்டி ஏறினா கணக்கு உதைக்கும். இதுக்கு நடுவுல மாசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊர்க்காரங்க சத்தம் போடாம லுகினோவ பாத்துப் பேசிட்டே இருந்தாங்க. 2018 ஆகஸ்ட் 17-ல டீம் வூஸ்டருக்குப் போகுதுன்னு அறிவிச்சாங்க.

வூஸ்டர் கடன் வாங்கிக் கட்டின போலார் பார்க் மைதானம் 2021 மே மாசம் திறந்துச்சு, செலவு 150 மில்லியன் டாலரத் தாண்டிடுச்சு. டீம் பேரு வூசாக்ஸ். ஸ்மைலி மூஞ்சிய 1963-ல வரைஞ்ச ஹார்வி பால் அந்த ஊர்க்காரர்ங்கிறதால டீம் சின்னமே சிரிக்கிற பந்து. வூஸ்டர் ஜனங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்களும் மில் மூடிப் போன ஊர்க்காரங்கதான், அவங்களுக்கும் ஒரு சாயங்காலம் வேணும். பட்டக்கெட்டுக்கு ஒழுங்கா வழியனுப்பக்கூட குடுத்து வெக்கல. 2020 சீசன் மொத்தமும் கொரோனால ரத்து, கடைசி வருஷம்னு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தவங்களுக்கு ஆட்டமே இல்ல. அந்த கோடைல மைதானத்துக்குள்ள புல்லு மேல தள்ளித் தள்ளி மேசை போட்டு சாப்பாடு பரிமாறினாங்க, ஜனங்க வந்து, பிள்ளைங்கள புல்லுல ஓட விட்டு, ஸ்கோர்போர்ட பாத்துட்டே சாப்டுட்டுப் போனாங்க.

இப்ப அந்த நீள ராத்திரில எதிர்ல ஆடின டீமுக்கு வர்றேன். ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். அந்த ஊருக்கும் இதே கதி 1950-கள்லயே வந்துச்சு. அப்ப டீமோட ஓனர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்ங்கிற மேஜர் லீக் டீம், அவங்க கைகழுவ முடிவு பண்ணாங்க, டிவி வந்து மைனர் லீக் கூட்டமெல்லாம் சரிஞ்சுட்டிருந்த காலம். மாரி சில்வர்னு ஒரு உள்ளூர் வியாபாரி, பத்து டாலர் பங்குன்னு ஊர் முழுக்க வித்தாரு. 72 நாள் ஓட்டம். 1957-ல 8,222 பேர் பங்கு வாங்கி டீமை மைதானத்தோட வாங்கிட்டாங்க. ராச்செஸ்டர் டீம் பிளேயருங்க நம்பர் ரிட்டயர் பண்ற மாதிரி 8222-ங்கிற நம்பரையே ரிட்டயர் பண்ணி வெச்சிருக்கு, யாரும் போட முடியாத ஜெர்சி நம்பர், ஆனா அது அந்தப் பங்குதாரருங்களோடது. பழைய மைதானத்துக்கு 1968-ல சில்வர் பேரையே வெச்சாங்க. அப்புறம் 1997 சீசன்ல ஊர் நடுவுல புது மைதானம், மாவட்டத்துக்கு சொந்தமானது. மேல இருக்கிற பெரிய டீம் மாறிட்டே இருந்துச்சு, கார்டினல்ஸ் போய் பால்டிமோர், பால்டிமோர் போய் மின்னசோட்டா, இப்ப வாஷிங்டன். சட்டைல பேரு மட்டும் ராச்செஸ்டர்தான், இன்னிக்கும்.

ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மாண்டோர் சில்வரைவிட கம்மியான மனுஷன் இல்ல, கூட்டம் சேத்ததுல பெரிய ஆள்னே சொல்லலாம். ஆனா அவர் செஞ்ச நல்லதெல்லாம் அவர் குணத்துல இருந்துச்சு, பத்திரத்துல இல்ல. விலை ஏத்தக் கூடாது, ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு எங்கயும் எழுதி வெக்கல. அவர் போனதும் வாங்கினவங்களுக்கு அது கட்டுப்படுத்தாது, அவங்க பக்கத்துல இருந்து பாத்தா அது ஒரு சொத்து, அவ்வளவுதான். சில்வர் செஞ்சது எழுத்துல இருந்துச்சு, 8,222 பேர்கிட்ட பேப்பரா இருந்துச்சு.

பங்கு போட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். ராச்செஸ்டருக்குப் பக்கத்துல சிராக்யூஸ் ஊர் டீமும் அதே மாதிரி ஊர்ப் பங்குதாரருங்க டீம்தான், நஷ்டம் தாங்க முடியாம 2017-ல நியூயார்க் மெட்ஸ்ங்கிற மேஜர் லீக் டீமுக்கு வித்துட்டாங்க. டீம் ஊர்லயேதான் இருக்கு, ஆனா முடிவு எடுக்கிற மேசை இப்ப அங்க இல்ல. வூஸ்டர்லயும் பாருங்க, அந்த ஊர் இவ்வளவு கடன் வாங்கி கட்டின மைதானத்துல ஆடுற டீமை 2023 கடைசில டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ்னு ஒரு கம்பெனி வாங்கிட்டதா அறிவிப்பு வந்துச்சு, டஜன் கணக்குல மைனர் லீக் டீம் வெச்சிருக்கிற கம்பெனி அது. 2021-ல இருந்து மேஜர் லீக்கே மைனர் லீக்க நேரடியா கைல எடுத்து, 160 டீமை 120-ஆ குறைச்சு, மைதானம் இப்படி இப்படி இருக்கணும்னு புது அளவுகோல் போட்டிருக்கு. லைட் மாத்து, உடைமாத்துற ரூம் பெருசாக்குன்னு. செலவு பண்றது பெரும்பாலும் ஊர்தான். முடியாதுன்னா டீம் போயிடும்ங்கிற பயமுறுத்தல சத்தமா சொல்லவே வேண்டாம், பட்டக்கெட்ட எல்லாரும் பாத்தாச்சு.

பட்டக்கெட் என்ன பண்ணுச்சுன்னா ஆத்தங்கரைல ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டிடுச்சு, ரோட் ஐலண்ட் எஃப்சி டீமுக்காக, 2025 மே மாசம் திறந்தாங்க. பேஸ்பாலுக்கு 23 மில்லியன் குடுக்க ஒன்றரை வருஷம் இழுத்த மாநிலத்துல, இதுக்கு ஏறக்குறைய 54 மில்லியன் டாலர் கடன் பத்திரம் போட்டு, அதுல கட்டடத்துக்குப் போனது 27 மில்லியன்தான், 30 வருஷத்துல வட்டியோட திருப்பிக் கட்ட வேண்டியது 132 மில்லியன். டீம் போன வலில கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு எனக்கு. பொம்மை கம்பெனி ஹாஸ்ப்ரோவும், ஊர்லயே பெரிய கம்பெனி அது, பாஸ்டனுக்கு ஆபீஸ மாத்தப் போறதா 2025-ல சொல்லிடுச்சு.

மெக்காய் இருந்த இடத்துல ஊரோட ரெண்டு ஹைஸ்கூலையும் ஒண்ணாக்கி புது ஸ்கூல் கட்டப் போறாங்க, 2022-ல ஜனங்க வோட்டுப் போட்டு 330 மில்லியன் டாலர் கடனுக்கு ஒத்துக்கிட்டாங்க. இந்த தடவ நிலமும் கட்டடமும் உள்ள படிக்கப் போற பிள்ளைங்களும் எல்லாம் ஊரோடதுதான். ராச்செஸ்டரும் வூஸ்டரும் இன்னும் ஒரே லீக்லதான் இருக்காங்க, சீசன்ல மோதுறப்ப ராச்செஸ்டர் பஸ் பட்டக்கெட்டுக்குப் போற ரோட்டுல திரும்பாம, வூஸ்டர்லயே நின்னுடுது.